படம் வராத வெள்ளிக்கிழமைகள்

பிப்ரவரி 3, திங்கள்

தம்பி இருக்கும் நாட்டில் வீடியோ பேச்சை நிறுத்திவிட்டார்கள். எல்லாச் செயலிகளும் முடக்கம். சாதா போன் மட்டும் போகுமாம். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அந்த நாட்டின் பெயரை இந்த நோட்டில் எழுதப் போவதில்லை. இதை யாரும் எடுத்துப் படிக்கப் போவதில்லை, ஆனாலும் எழுத மாட்டேன்.

மற்ற வீடுகளில் நாலு நாள் புலம்பிவிட்டு, போன் கார்டு போட்டுப் பேசிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அது நடக்காது. அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, வாய் பேசாது. பள்ளிக்கூடம் போனதில்லை, அதனால் எழுதிக் காட்டியும் பயனில்லை. அவள் பேச்சு முழுவதும் கையில்தான். அந்தக் கைப்பேச்சும் எங்கள் வீட்டிலேயே உண்டானது. அதை முழுதாகத் தெரிந்தவர்கள் நானும் லியோனும்தான். அப்பாவுக்குப் பாதி தெரியும், அதிலும் பாதி தப்பு. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்தத் தப்புகளும் இல்லை.

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. நான் ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு வந்து, போனை சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக் கொடுத்தால் போதும். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் கையை வீசிக்கொண்டிருப்பார்கள். நான் அடுப்பைப் பார்ப்பேன். இந்த வெள்ளிக்கிழமை என்ன செய்வது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

லியோன் சாதா போனில் வந்தான். போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவன் சொல்வதை நான் ஒரு கையால் அம்மாவுக்குச் சொன்னேன். ஒரு கையால் சொன்னால் பாதி வார்த்தை முழுகிப்போகும். பிறகு ஸ்பீக்கரில் போட்டேன்.

"முதுகு ஒடியுதுக்கா. அலுமினியம் வெட்டுத மிஷினுல என்னையத்தான் நிக்க வச்சிருக்காவ. சாப்பாடும் வாயில வைக்க முடியல" என்றான்.

நல்லா இருக்கான், நல்லா சாப்பிடுறான் என்று அம்மாவிடம் சொன்னேன். எதற்கு அவளைப் படுத்துவது.

அம்மா போனைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். "மகன். முகம். எங்கே?" என்று கேட்டாள். அங்கே அரசாங்கம் மூடிவிட்டது என்றேன். அரசாங்கத்துக்கு எங்கள் கையில் சொல் கிடையாது. போலீஸ் தொப்பி என்று காட்டினேன். என் பிள்ளை முகத்தைப் பார்க்கப் போலீஸுக்கு என்ன என்று கேட்டாள்.

போனை வைக்கும் முன் லியோன், "ஏதாச்சும் செய்யிக்கா. ரூமுல நெய்னா அண்ணன் சொல்லுதாரு, வெளிநாட்டுல ஒரு கம்ப்யூட்டர வாடகைக்கு எடுத்து அது வழியா வரலாமாம். நீதான் கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கல்லா" என்றான்.

ஆதார் அட்டைக்குக் கலர் பிரிண்ட் போடுவதும் இதுவும் ஒன்று என்று நினைத்துவிட்டான்.

பிப்ரவரி 10, திங்கள்

கடையில் கூட்டமே இல்லை. மூன்று கரண்ட் பில், ஒரு கல்யாணப் பத்திரிகை, ஒரு பாஸ்போர்ட் போட்டோ. அவருக்குக் கண் மூடாமல் ஒரு படம் எடுக்க அரை மணி ஆனது. மீதி நேரம் முழுவதும் ப்ராக்ஸி பற்றிப் படித்தேன்.

எனக்குத் தெரிந்த ப்ராக்ஸி காலேஜில் வராதவளுக்காக இன்னொருத்தி "பிரசென்ட் சார்" சொல்வதுதான். இதுவும் கிட்டத்தட்ட அதுதான். லியோனின் போன் நேராக நம் வீட்டுக்கு வந்தால் பிடித்துவிடுவார்கள். அதனால் நடுவில் நமக்கென்று வேறு நாட்டில் ஒரு கம்ப்யூட்டர். அவன் போன் அதோடு மட்டும் பேசும், அதுவும் யாருக்கும் புரியாதபடி. அந்தக் கம்ப்யூட்டர் நம்மோடு பேசும். காவல்காரன் பார்த்தால் ஏதோ குப்பை போவதுபோல் இருக்கும்.

மாட்டினால் அபராதம், சில நேரம் ஜெயில் என்றும் படித்தேன். அதை லியோனிடம் சொன்னேன். இங்கே எல்லாரும் செய்கிறார்கள் என்றான். அம்மாவிடம் சொல்லவில்லை.

அவளுக்கு விளக்கியது இவ்வளவுதான்: முன்வாசல் பூட்டு, பக்கத்து வீட்டுக் கொல்லை வழியாக வரலாம். "திருட்டா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் நல்லவரா என்று கேட்டாள்.

பிப்ரவரி 13, வியாழன்

வெளிநாட்டில் ஒரு கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்துவிட்டேன், அதற்குச் சாவியும் தயார். மூன்று நாளாகத் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டேன். சாவி என்பது ஒரு நீளமான எழுத்து வரிசை, அர்த்தமே இல்லாதது. அதை அவன் போனில் உள்ள செயலியில் போட வேண்டும். செயலியை நெய்னா யாரிடமிருந்தோ போனிலிருந்து போனுக்கு வாங்கி வைத்திருக்கிறார்.

பிப்ரவரி 14, வெள்ளி

சாவியை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினால் போய்ச் சேரவில்லை. போனில் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன்.

"எம் ஃபார் மாதா. பெரிய எம்."

"சரி."

"சைபர்."

"சைபரா, ஓவா?"

"சைபருல. முட்டை. பி ஃபார் பங்குச்சாமி. சின்னது."

"பங்குச்சாமி. சரி."

"டி ஃபார் தேவமாதா."

"ஏக்கா, நீ ஏபிசிடி படிக்கியா, செபமாலை சொல்லுதியா?"

சிரித்துச் சிரித்து எனக்கு வரிசை விட்டுப்போனது. மறுபடி முதலிலிருந்து. முடித்ததும் போட்டுப் பார்த்தான், ஏறவில்லை. அதற்குள் அவன் கார்டும் தீர்ந்தது.

வைத்த பிறகுதான் உறைத்தது. பங்குச்சாமிக்கு எந்த பி, Bயா Pயா? நான் சொன்னது ஒன்று, அவன் எழுதியது இன்னொன்றாக இருக்கும். தேவமாதாவுக்கும் அதே கதி. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், மாட்டிக்கொண்டது நாங்கள்.

அம்மா நீலச் சேலை கட்டி, தலைவாரி, சர்க்கரை டப்பாவுக்கு முன்னால் காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் என்றேன். எழுந்து போய்ச் சேலையை மாற்றிக்கொண்டாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. கடையைத் திறந்து வைத்து ஈ ஓட்டினேன். அம்மா நெத்திலி ஆய்ந்தாள். வெள்ளிக்கிழமை அவனிடம் கேட்க வேண்டியதை விரலில் எண்ணி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

பிப்ரவரி 21, வெள்ளி

போன் வரவில்லை. நான் அடித்தாலும் எடுக்கவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் போன். குரல் சரியில்லை. சளி என்றான். வெள்ளிக்கிழமை ஓவர்டைமாம். சாவியை மறுபடி வாசிக்கிறேன், இந்த முறை இங்கிலீஷ் வார்த்தையாகவே சொல்கிறேன் என்றேன்.

"அது ஏறாதுக்கா. விட்டுரு."

"நீ எழுதிக்கோல, ஒரே ஒரு தடவை."

"வேண்டாங்கேன்லா!" என்று கத்தினான். அவன் என்னிடம் கத்தியதே இல்லை. பிறகு மெதுவாக, "அம்மாவ நல்லாப் பாத்துக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அம்மா என்ன சொன்னான் என்று கேட்டாள். முத்தம் கொடுக்கச் சொன்னான் என்றேன். கன்னத்தைக் காட்டினாள். கொடுத்தேன்.

பிப்ரவரி 26, புதன்

ப்ராக்ஸிக்கு வாடகை வீணாகப் போகிறதே, மூடிவிடலாம் என்று அந்தப் பக்கத்தைத் திறந்தேன். எந்தச் சாவியில் எவ்வளவு டேட்டா போயிருக்கிறது என்று அதில் காட்டும். நான் உண்டாக்கியது ஒரே சாவி, லியோனுடையது. அதில் மலைபோலப் போயிருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறிக்கொண்டிருக்கிறது.

ஏறாது, விட்டுரு என்றான் ராஸ்கல்.

யாரோ ஒருத்தி இருக்கிறாள். வேறென்ன. அம்மாவுக்காக நான் ராப்பகலாகப் படித்து உண்டாக்கிய சாவியில் துரை யாரிடமோ மணிக்கணக்காகக் கொஞ்சுகிறார். இங்கே ஒருத்தி சர்க்கரை டப்பாவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். வரட்டும் வெள்ளிக்கிழமை.

பிப்ரவரி 28, வெள்ளி

போன் வந்ததும் பிடித்துக் கிழித்துவிட்டேன். எந்தச் சிறுக்கியிடம் பேசுகிறாய், பெற்றவளுக்கு முகம் காட்ட நேரமில்லையா என்று என்னென்னவோ கேட்டேன். அவன் வைத்துவிட்டான்.

சாயங்காலம் கடையில் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு. வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி. "தங்கச்சி, நான் முத்துப்பேட்டை நெய்னா. தம்பிக்குத் தெரியாம மாடிக்கு வந்து பேசுறேன்" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். எழுதாவிட்டால் நம்ப மாட்டேன் போலிருக்கிறது.

"சாவி மறுநா சனிக்கிழமையே தொறந்துருச்சும்மா. பி, டி எல்லாத்தையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தோம். தம்பிக்கு ஒரே சந்தோஷம். வெள்ளிக்கிழமை அம்மா முன்னாடி திடீர்னு போயி நிக்கப் போறேன், யாரும் சொல்லக் கூடாதுன்னான். செவ்வாக்கிழமை மிஷின்ல கை போயிருச்சு தங்கச்சி. வலது கை. கட்டைவிரலு மட்டும்தான் இருக்கு."

ஒருவர் வந்து ரேஷன் கார்டு காப்பி கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

"ரூம்ல பன்னெண்டு பேரு அவன் சாவியிலதான் வீட்டுக்குப் பேசுறோம். அவனே போட்டுக் கொடுக்குறான். நாங்க பேசி முடிக்கிற வரைக்கும் ஓரமா உக்காந்திருக்கான். நீ பேசுடான்னா எந்திரிச்சு வெளிய போயிடுறான்."

மார்ச் 1, சனி

லியோனை நானே கூப்பிட்டேன். நெய்னா சொன்னார் என்றேன்.

"கையில்லாம அம்மாட்ட எப்பிடிக்கா பேச?" என்றான்.

இரண்டு பேரும் அழுதோம். கம்பெனிக் கேஸ் முடியும்வரை ஊருக்கு வர முடியாதாம். அதுவரை அம்மாவிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஏற்கெனவே பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவள். அவள் பேசக் கற்றுக்கொடுத்த கை அது.

கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு, இனிப் படம் வராது என்று அம்மாவிடம் சொன்னேன். என் கண் வீங்கியிருந்ததை அவள் பார்த்தாள். தூசி என்றேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

தவக்காலம் தொடங்கிவிட்டது. அம்மா சாம்பல் பூசிக்கொண்டு வந்தவள் அதைத் துடைக்கவே இல்லை. லியோனைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். பழகிக்கொண்டாள் போல. நல்லதுதான்.

மார்ச் 7, வெள்ளி

லியோன் பேசினான். நான் கையால் சொன்னேன். அம்மா பார்க்கவே இல்லை. அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தோளைத் தட்டி, உன் மகன் பேசுறான் என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பாவம் பார்ப்பதுபோல் இருந்தது. என் தலையைத் தடவிவிட்டு மறுபடி நறுக்கினாள்.

அம்மா என்ன செய்கிறாள் என்று அவன் கேட்டான். சிரிக்கிறாள் என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

டோனர் தீர்ந்துவிட்டது. மதுரைக்குச் சொல்ல வேண்டும்.

பீரோவில் லியோனின் சட்டைகள் ஒன்றும் இல்லை. அம்மா எல்லாவற்றையும் மடித்துக் கோயில் தானப் பெட்டியில் கொடுத்துவிட்டாளாம். வந்தால் என்ன போடுவான் என்று கேட்டேன். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்ச் 12, புதன்

எழுத்து கோணினாலும் எழுதிவிடுகிறேன்.

காலைப் பூசைக்கு அம்மா கறுப்புச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். தவக்காலம்தானே என்று விட்டுவிட்டேன். பூசை தொடங்கும் முன் உபதேசியார் மைக்கில் வாசித்தார்: "இன்றைய திருப்பலி, மரித்த லியோன் ஆன்மா இளைப்பாற்றிக்காக, அவர் தாயார்."

வேறு லியோன் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மா முக்காடு போட்டு முழங்காலில் இருந்தாள். மைக்கில் வாசித்தது அவளுக்குக் கேட்டிருக்காது.

பூசை முடிந்ததும் உபதேசியாரைப் பிடித்தேன். ஊருக்குப் புதியவர். "அம்மா போட்டோவக் காமிச்சு, கண்ண மூடி, கையக் கன்னத்துல வச்சு சாஞ்சு காட்டுனாவம்மா. பின்னால இருந்த பெயரப் பாத்து எழுதிக்கிட்டேன். நீங்க துக்கத்துல இருப்பீக, உங்ககிட்ட எப்படிக் கேக்கன்னு விட்டுட்டேன்" என்றார். அவர்மேல் என்ன தப்பு.

வீட்டுக்கு வந்து அம்மாவை உலுக்கினேன். அவன் இருக்கிறான், உயிரோடு இருக்கிறான் என்று கை வலிக்க வலிக்கச் சொன்னேன். அவள் என் கைகளைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"நீ அந்த டப்பாவைக் காதில் வைக்கிறாய். கையை ஆட்டுகிறாய். அவன் சொன்னான், அவன் சொன்னான். அதற்குள் அவன் இருக்கிறானா, எனக்கு எப்படித் தெரியும்? முகம் நின்றது. உன் கண் வீங்கியது. நீ எனக்காக நடிக்கிறாய். போதும் மகளே. எனக்குத் தெரியும்."

ஸ்பீக்கரில் நான் கேட்ட குரல் எல்லாம் அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. நாற்பது வருடமாக அவள் கூடவே இருந்தும் இது எனக்குத் தோன்றவில்லை. வாரக்கணக்காக அவள் தனியாகத் துக்கம் காத்திருக்கிறாள். எனக்குத் தெரியக் கூடாதென்று அழாமல் இருந்திருக்கிறாள்.

லியோனைக் கூப்பிட்டேன். வேலைக்குப் போகாதவன்தானே, உடனே எடுத்தான்.

"அம்மா ஒனக்கு இன்னைக்குப் பூச வச்சிருக்கால."

"என்ன பூச?"

"செத்தவங்களுக்கு வைக்கது."

சாவியை அவனுக்காக மறுபடி வாசிக்க வேண்டியதில்லை, வெள்ளிக்கிழமை படத்தில் வா என்று மட்டும் சொன்னேன். வர மாட்டேன் என்று அவன் சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

கடை திறக்கவில்லை. அம்மாவை இழுத்து வந்து உட்கார வைத்தேன். அவள் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தாள்.

படம் ஏறிச் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு லியோன் வந்தான். இளைத்திருந்தான், தாடி. மடியில் ஒரு துண்டைப் போட்டு வலது கையை மறைத்திருந்தான். பின்னால் நெய்னாவின் தொப்பி தெரிந்தது.

அம்மா அசையவில்லை. மெதுவாக விரலை நீட்டிக் கண்ணாடியில் அவன் நெற்றியைத் தொட்டாள், மூக்கைத் தொட்டாள். அவன் இமைத்தான். அப்போதுதான் அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என்ன சத்தம் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. பிறகு இரண்டு கையாலும் கொட்டித் தீர்த்துவிட்டாள். எங்கே போனாய், ஏன் போனாய், இவள் பொய்க்காரி, நீ பொய்க்காரன், சட்டை எல்லாம் கொடுத்துவிட்டேன், திரும்ப வாங்கணும்.

அவன் இடது கையால் ஏதோ சொல்லப் பார்த்தான். ஒன்றும் சேரவில்லை.

அம்மா நிறுத்தினாள். "இன்னொரு கை?" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். குளிர் என்று சொல்லலாமா, ஏதாவது சொல்லலாமா என்று என் கை தானாக எழுந்தது. அம்மா என் பக்கம் திரும்பாமலே என் மணிக்கட்டைப் பிடித்து மடியில் அமுக்கி வைத்தாள்.

அவன் துண்டை எடுத்தான்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கண்ணை மூடிவிட்டால் உலகத்தில் யாரும் அவளிடம் எதுவும் சொல்ல முடியாது. அந்தப் பக்கத்திலிருந்து அவன் "அம்மா, அம்மா" என்று வாய்விட்டுக் கத்துகிறான், முட்டாள்பயல். நான் அவள் முதுகில் கை வைத்தேன். முதுகு முழுவதும் நடுங்கியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. படம் போய்விடுமோ என்று பயந்தேன்.

கண்ணைத் திறந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சேலையில் நன்றாகச் செருகிக்கொண்டாள். இடது கையை மட்டும் அவன் முன்னால் நீட்டினாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

இடது கை அவளுக்குப் பழக்கமில்லை. சாப்பாடு என்பது வேறு ஏதோபோல் வந்தது. அழித்துவிட்டு மறுபடி சொன்னாள். அதுவும் கோணியது. மூன்றாவது தடவை சொல்லும்போது லியோனுக்குப் புரிந்துவிட்டது. அவனும் இடது கையை எடுத்தான். சாப்பிட்டேன் என்று சொல்ல வந்து தப்பாகச் சொன்னான். அம்மா தலையசைத்து, இப்படி இல்லை, இப்படி என்று காட்டினாள். அவளுக்கே சரியாக வரவில்லை. என் அம்மா திக்கி நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன்.

உதவிக்கு என்று நான் நடுவில் கையை நீட்டினேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைச் சும்மா இரு என்றார்கள், இடது கையால். அது மட்டும் சரியாக வந்தது.